பலகைக்கும் பிடிமானம் வேண்டும்
(கடைப் பெயர்ப்பலகை விதிகள் – டிப்ளமோ மாணவர்களுக்கு ஒரு பாடம்)



ஓர் ஊருக்குள் நுழைந்ததும் நம்மோடு முதலில் பேசுவது யார்? மனிதர்களா? இல்லை. கடைகளின் பெயர்ப்பலகைகள்தான். ராயபுரம் கல்மண்டபத்தில் இறங்கிக் காசிமேட்டுப் பக்கம் நடந்து பாருங்கள். வலைக்கடை, ஐஸ்கடை, விசைப்படகு என்ஜின் ரிப்பேர், டீக்கடை, மருந்துக்கடை என்று பலகைகள் வரிசையாகக் கூப்பிடும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைப் பலகைகள் ஒன்றோடொன்று தோளை இடித்துக்கொண்டு நிற்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் டயர்க்கடை, வெல்டிங் பட்டறை, லாரி புக்கிங் ஆபீஸ் பலகைகள் புகையும் தூசியும் படிந்து தொங்கும்.

அந்தப் பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? எந்த மொழியில் இருக்க வேண்டும்? எங்கே வைக்கக் கூடாது? இதற்கெல்லாம் விதி உண்டா? உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. காலத்துக்கேற்ப அவை மாறியும் வந்திருக்கின்றன. ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது: 'இந்தப் பலகை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?' நம்ம கடைவீதியில் அதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சிவிலும் மெக்கானிக்கலும் எலக்ட்ரிகலும் படிக்கிற நாம்தான். அதனால்தான் இந்தப் பாடம்.

1. பலகைகள் இரண்டு வகை

முதல் வகை, கடைக்காரர் தன் கடை வாசலிலேயே தன் தொழிலைச் சொல்லி மாட்டும் பெயர்ப்பலகை. இரண்டாம் வகை, வேறெங்கோ விற்கும் பொருளுக்காக மொட்டை மாடியிலோ சாலை ஓரத்திலோ நிறுத்தும் விளம்பரப் பலகை. இதைத்தான் 'ஹோர்டிங்' என்கிறோம்.

சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே பார்த்தது. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் விளம்பர வரி பற்றிய பகுதியில், ஒரு கட்டடத்தில் நடக்கும் தொழிலையே சொல்லும் பலகை அதே கட்டடத்தில் இருந்தால் வரி கிடையாது என்று விலக்கு இருந்தது. நியாயம்தானே! தன் பெயரைத் தன் வாசலில் எழுதுவதற்கு ஒருவர் வரி கட்ட வேண்டுமா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்துக்கு இரண்டும் வேறு வேறு. காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். அது வரிச்சீட்டைப் பார்த்து வீசுவதில்லை.

2. விதிகள் வந்த வழி

முன்பெல்லாம் பெயர்ப்பலகை என்றால் தகரத்தில் பெயின்ட் எழுத்து. எழுதுகிறவர் ஒரு கலைஞர். ஒரு பலகைக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். விலையும் நேரமும் பலகையின் அளவைத் தானாகவே கட்டிப்போட்டன. பிறகு பிளெக்ஸ் அச்சு வந்தது. காலையில் டிசைன் கொடுத்தால் மாலையில் இருபது அடி பேனர் கையில். எழுதுகிற செலவு குறைந்தது, பரப்பு பெருகியது, பின்னால் நிற்கும் சட்டமோ அதே ஒல்லி ஆங்கிளாகவும் சவுக்குக் கட்டையாகவும் இருந்தது. பழைய விதிகள் போதாமல் போனதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

விதிகள் எப்படி வளர்ந்தன என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1959: பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது.

1998: மாநகராட்சிச் சட்டத்தில் திருத்தம். விளம்பரப் பலகைக்கு உரிமம் கட்டாயமானது.

2003: சென்னைக்கான உரிம விதிகள் வந்தன. உரிமம் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது. பள்ளி, கல்லூரி, வழிபாட்டுத் தலம், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனை ஆகியவற்றின் முன்னும், சாலைச் சந்திப்புகளை ஒட்டியும் பலகை கூடாது என்றார்கள்.

2008: விளம்பர நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

2011: டிஜிட்டல் பேனர்களுக்குச் சென்னையில் தனி விதிகள் வந்தன. அதே ஆண்டில் நம் பகுதிக்கு இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை தனித்தனி நகராட்சிகளாக இருந்த திருவொற்றியூரும், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும், மணலியும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முன் ராயபுரத்துக் கடைக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம், திருவொற்றியூர்க் கடைக்கு 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். ஒரே கடற்கரை, ஒரே காற்று, ஆனால் இரண்டு சட்டம்!

2018 டிசம்பர்: பிளெக்ஸ் பேனர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு முழுவதும் இடைக்காலத் தடை விதித்தது.

2023 ஏப்ரல் 13: தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023-ஆம் ஆண்டு விதிகளும் நடைமுறைக்கு வந்தன. நூறு ஆண்டு தாண்டிய 1919 சட்டம் ஓய்வுபெற்றது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் என்றானது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால், 'பரவாயில்லையே, விதிகள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டுதானே வருகின்றன' என்று தோன்றும். ஆனால் நடுவில் ஒரு தேதியை விட்டுவிட்டேன். 2019 செப்டம்பர் 12. பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டியிருந்த ஒரு பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. உயர் நீதிமன்றத் தடை வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்த நேரம் அது. தாளில் விதி இருந்தது. கயிற்றில் பிடிமானம் இல்லை.

3. மொழி விதி: 5, 3, 2

அடுத்து, பலகையில் என்ன மொழி? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இல் 15-ஆம் விதி இதைச் சொல்கிறது. பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழியும் சேர்த்தால் தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, மற்ற மொழி அதற்கும் அடுத்து. இடப்பங்கீடு 5:3:2.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதையொட்டிச் சென்னை மாநகராட்சி கடைகளில் தமிழ்ப் பலகை வைக்கும்படி தீவிரமாக வலியுறுத்தியது. அதன் பிறகும் இந்த நினைவூட்டல் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

இது நம் மாநிலத்தில் மட்டும் உள்ள வழக்கமல்ல. மகாராஷ்டிராவில் மராத்திப் பலகை விதியை எதிர்த்து வணிகர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2023 செப்டம்பரில் நீதிமன்றம், இரண்டு மாதத்துக்குள் பலகையை மாற்றுங்கள் என்றது. கர்நாடகம் 2024-இல் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் என்று சட்டத் திருத்தம் செய்தது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1977 முதலே பிரெஞ்சு மொழிச் சாசனம் வைத்திருக்கிறது. 2025 ஜூன் முதல், கடைக்கு வெளியே வேறு மொழி வணிகப் பெயர் இருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு இடம் பிரெஞ்சுக்கு வேண்டும் என்று அங்கே கறாராக்கிவிட்டார்கள்.

இதில் மாணவருக்கு என்ன வேலை? அளவுதான்! ஒரு பலகை 10 அடி அகலம், 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 48 அங்குலம். 5:3:2 என்று கிடைமட்டமாகப் பிரித்தால் தமிழுக்கு 24 அங்குலம், ஆங்கிலத்துக்கு 14.4, மற்ற மொழிக்கு 9.6. தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்றால் 5:3. அதாவது தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 18.

சுலபம் என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் தகராறு. பங்கீட்டை எழுத்தின் உயரத்தில் பார்ப்பதா, பரப்பில் பார்ப்பதா? தமிழில் 'எலக்ட்ரிக்கல்ஸ்' என்று எழுத எவ்வளவு நீளம் போகிறது பாருங்கள். உயரத்தை மட்டும் பெரிதாக வைத்தால் எழுத்து நெருங்கிப்போய்ப் படிக்கவே முடியாது. அதோடு, தமிழை மங்கிய சாம்பல் நிறத்தில் எழுதி ஆங்கிலத்துக்கு மட்டும் விளக்குப் போட்டால் 5:3:2 கணக்கு சரி, நோக்கம் போச்சு. அளக்கும் முறையும் ஒளியும் விதியிலேயே தெளிவாக இருந்தால், கடைக்காரரும் அதிகாரியும் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை.

வடசென்னை ஒரு துறைமுகப் பூமி. தமிழோடு தெலுங்கும் உருதும் இந்தியும் இங்கே காலங்காலமாகக் காதில் விழும். தமிழ் முதலில் என்பது யாரையும் விரட்டுவதற்கல்ல. மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் வரும் அம்மாவும், ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும் மருந்துக்கடை எது, நகை அடகுக்கடை எது என்று தாமே படித்துத் தெரிந்துகொள்வதற்கு.

4. இனி காற்றின் கணக்கு

இப்போது நம் நான்காவது கேள்விக்கு வருவோம். பலகை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

கடைவீதியில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் பழக்கம்தான். "அண்ணே, இன்னும் ரெண்டு போல்ட் போடலாமா?" என்று ஏணியில் நிற்கும் தம்பி கேட்பான். "நாலு போதும்பா, எங்க போயிடப் போவுது?" என்று கீழே இருந்து பதில் வரும். எங்கே போகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

காற்றின் அழுத்தத்துக்கு நாம் படித்த வாய்பாடு இதுதான்:

அழுத்தம் = 0.6 × (வேகம்)²

வேகம் மீட்டர்/விநாடியில், விடை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி என்ற இந்தியத் தரநிலையில் உள்ளது இது. அதே தரநிலை சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் 50 மீட்டர்/விநாடி என்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

நம் 10 அடிக்கு 4 அடி பலகையின் பரப்பு 3.72 சதுர மீட்டர். காற்று நேராக அடித்தால்:

மணிக்கு 60 கி.மீ. (16.7 மீ/வி): அழுத்தம் 167 நியூட்டன். மொத்த விசை ஏறக்குறைய 620 நியூட்டன். இது 63 கிலோ எடை. ஓர் ஆள் பலகையைப் பிடித்துத் தொங்குவது போல.

மணிக்கு 120 கி.மீ. (33.3 மீ/வி): அழுத்தம் 667 நியூட்டன். மொத்தம் 2,480 நியூட்டன். இது 253 கிலோ. ஐந்து சிமென்ட் மூட்டை.

மணிக்கு 180 கி.மீ. (50 மீ/வி): அழுத்தம் 1,500 நியூட்டன். மொத்தம் 5,580 நியூட்டன். கிட்டத்தட்ட 570 கிலோ. பதினோரு சிமென்ட் மூட்டைக்கும் மேல்!

வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இதை மனதில் ஆணி அடித்து வையுங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. 120 வரை உந்தியது. மேலே உள்ள இரண்டாவது கணக்கு கற்பனையல்ல, நம் தெருவில் நடந்தது.

இது எளிமையான கணக்குதான். தரநிலையில் கட்டடத்தின் ஆயுள், உயரம், நிலவமைப்பு, புயல் பகுதி ஆகியவற்றுக்கான காரணிகளும், பலகையின் வடிவத்துக்கான கெழுவும் உண்டு. முறையான டிசைனில் அவை எல்லாம் சேரும்.

சுவரோடு ஒட்டிய பலகையைவிடத் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பலகைதான் ஆபத்தானது. 3 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள ஒரு நீட்டுப்பலகையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1.67 சதுர மீட்டர். 50 மீ/வி காற்றில் பக்கவாட்டு விசை சுமார் 2,500 நியூட்டன். பலகையின் மையம் சுவரிலிருந்து 0.6 மீட்டர் தள்ளி இருந்தால் திருப்புமை 1,500 நியூட்டன்-மீட்டர். இரண்டு பிராக்கெட் இதைப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 750. அந்தப் பிராக்கெட்டில் இடப்புற, வலப்புற போல்ட்களுக்கு நடுவே தூரம் 15 சென்டிமீட்டர் என்றால், ஒரு பக்கத்தில் பிடுங்கும் விசை 750 ÷ 0.15 = 5,000 நியூட்டன். ஏறத்தாழ 510 கிலோ!

சரி, செலவில்லாமல் இதைக் குறைக்க முடியுமா? முடியும். போல்ட்களுக்கு நடுவே உள்ள தூரத்தை 30 சென்டிமீட்டர் ஆக்குங்கள். பிடுங்கும் விசை பாதியாகிவிடும். கூடுதலாகக் கொஞ்சம் தட்டை இரும்புதான் செலவு. பழைய சுண்ணாம்புச் செங்கல் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து 500 கிலோவைத் தாங்கச் சொல்வது அதன்மேல் செய்யும் அநியாயம். சுவரைத் துளைத்து உள்புறம் தகடு வைத்து முடுக்குவது, அல்லது கான்கிரீட் தூண், லின்டலில் ஆங்கர் போல்ட் போடுவது. வழி இருக்கிறது, கேட்கத்தான் ஆள் வேண்டும்.

5. உப்பும் மின்சாரமும்

மேலே போட்ட கணக்கு புதுப் பலகைக்கு. நம் பகுதியிலோ கடல் கூப்பிடு தூரத்தில். உப்புக் காற்று இரும்பை விடாது. வண்ணம் உரிந்த இடத்தில், வெல்டிங் மூட்டில், போல்ட் தலைக்கு அடியில் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் சுவரின் பூச்சு வெடிக்கும், பிடி தளரும். வெளியே பார்த்தால் பலகை பளபளவென்று இருக்கும். பின்னால் ஆங்கிள் அப்பளமாகியிருக்கும். துத்தநாகப் பூச்சு கொடுத்த இரும்பு, அதே தரத்தில் போல்ட், மழைக்கு முன் ஒருமுறை சோதனை – இவை கடலோரத்தில் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

எலக்ட்ரிகல் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பு பெட்டிக்குள் டியூப்லைட், இப்போது எல்.இ.டி. வரிசை. மழைநீர் புகுந்து கசிவு ஏற்பட்டால், இரும்புச் சட்டத்தைத் தொட்டவருக்கு அடி. ஷட்டர் சட்டத்தோடு ஒட்டியிருந்தால் கடையைத் திறக்க வருகிறவருக்கே அடி. சட்டத்துக்கு முறையான எர்த், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவு பிரேக்கர், மழை புகாத டிரைவர் பெட்டி – இந்த மூன்றும் இல்லாத ஒளிப்பலகை, வாசலில் தொங்கும் மின்பொறி.

பொருளுக்கும் விதி வந்துவிட்டது. 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக், பி.வி.சி. பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை. ஆனால் கனமான துணிக்கு மாறினால் சட்டத்தில் எடை கூடும் என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

6. யாருடைய நிலம்?

2024 மே 13. மும்பை காட்கோபரில் புழுதிக்காற்று அடித்தபோது பெட்ரோல் பங்க் மேல் ஒரு ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள். அதன் அளவு 120 அடிக்கு 120 அடி. மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. பக்கம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு. மும்பையின் அடிப்படைக் காற்று வேகமான 44 மீ/வி-யில் நம் வாய்பாட்டைப் போட்டால், 40 அடிப் பலகைக்கு விசை சுமார் 17.6 டன் எடை. 120 அடிப் பலகைக்கு 158 டன்!

இவ்வளவு பெரிய பலகை எப்படி நின்றது? நிலம் ரயில்வே போலீஸ் வசம் இருந்தது. எங்கள் அனுமதி வாங்கவில்லை என்றது மாநகராட்சி. 2018 அக்டோபர் 5-இல் புனேயில் விழுந்து நான்கு பேரைக் கொன்ற பலகையும் ரயில்வே நிலத்தில் நின்றதுதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. நம் பகுதியில் துறைமுக நிலம், ரயில்வே நிலம், நெடுஞ்சாலை ஓரம், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-இல் வந்த மெட்ரோ பாதை, மாநகராட்சித் தெரு எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் அதிகாரம், அந்தப் பக்கம் வேறு அதிகாரம். நிலம் யாருடையதாக இருந்தாலும், பலகை விழுவது பொதுச்சாலையில் போகிறவர் தலையில்தான்.

இன்னொன்று. 2023 ஜூன் 1-இல் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை பொருத்தும்போது இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். பலகை மேலேறியபின் மட்டுமல்ல, ஏற்றும்போதும் ஆபத்துதான். வழிப்போக்கருக்கு முன்னால் பலியாகிறவர் அதை மாட்டும் தொழிலாளி. பாதுகாப்புப் பெல்ட் அவருடைய கூலியிலிருந்து வாங்க வேண்டிய பொருளல்ல.

7. வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரம் 2006-இல் 'தூய நகரம்' என்ற சட்டம் இயற்றி, 2007 முதல் விளம்பர ஹோர்டிங்குகளை அடியோடு நீக்கியது. கடைப்பலகையைக் கடை முகப்பின் அகலத்தோடு கட்டிப்போட்டது. முகப்பு 10 மீட்டருக்குக் குறைவென்றால் பலகை 1.5 சதுர மீட்டருக்குள். அதற்குமேல் 100 மீட்டர் வரை 4 சதுர மீட்டர்.

இங்கிலாந்தின் 2007-ஆம் ஆண்டு விதிகள் வேறு வழி. குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் தனி அனுமதி கேட்க வேண்டாம். சாதாரணக் கடைப்பலகையில் எழுத்து 0.75 மீட்டர் உயரத்துக்கு மேல் கூடாது, பலகையின் உச்சி தரையிலிருந்து 4.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த எல்லைக்குள் இருப்பவர் அலுவலகப் படி ஏறாமலே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சின்னக் கடைக்கு எளிய எண்ணைச் சொல். அதற்குள் இருந்தால் தொந்தரவு செய்யாதே. மீறினால் கணக்குக் கேள்.

8. விதியில் என்ன சேர வேண்டும்?

இனி என் கருத்து. விதிகளை அடுத்தமுறை புதுப்பிக்கும்போது இந்த ஐந்தும் சேர்ந்தால் நல்லது.

ஒன்று: கடை முகப்பின் அகலத்துக்கேற்ற பலகை அளவு. தெருமுனையில் கன்டெய்னர் லாரி திரும்பும்போது டிரைவர் கண்ணை மறைக்கும் நீட்டுப்பலகை கூடவே கூடாது.

இரண்டு: 5:3:2 விகிதத்தை அளக்கும் முறை, படத்தோடு.

மூன்று: குறிப்பிட்ட பரப்புக்கு மேலான பலகைக்கும், எல்லா நீட்டுப்பலகைக்கும் காற்றுக் கணக்கும், தகுதியுள்ளவர் கையெழுத்தும்.

நான்கு: பலகையின் கீழ்மூலையில் ஒரு சின்னத் தகடு. மாட்டிய தேதி, மாட்டியவர், எடை, அடுத்த சோதனை நாள். கேஸ் சிலிண்டரில் சோதனைத் தேதி இருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? தலைக்கு மேல் தொங்குவதற்கு ஏன் கூடாது?

ஐந்து: நிலம் துறைமுகத்துடையதோ ரயில்வேயுடையதோ மாநகராட்சியுடையதோ, பாதுகாப்பு அளவு ஒன்றே.

"ஏற்கெனவே வியாபாரம் டல்லு. இதுல சின்னக் கடைக்காரன் தலையில இன்னொரு செலவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய ஆலைக்குப் பராமரிப்புப் பிரிவு இருக்கும். அதன் எதிரே இருக்கும் டீக்கடைக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே விதி மிரட்டலாக வரக்கூடாது. நான்கைந்து நிலையான வரைபடங்களை மாநகராட்சியே இலவசமாகத் தரலாம். 'இந்த அளவுப் பலகைக்கு இந்த ஆங்கிள், இத்தனை போல்ட், இந்தத் தூரம்.' அதைப் பின்பற்றினால் தனிக் கணக்கோ கையெழுத்தோ தேவையில்லை. மாற்றிக்கொள்ள ஒரு மழைக்காலம் அவகாசம். முதல் சோதனைக்குக் கட்டணம் இல்லை. இப்படி வந்தால் எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார். பலகை விழுந்தால் முதலில் போலீஸ் ஸ்டேஷன் போகப்போவது அவர்தானே!

9. நாம் செய்யக்கூடியது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று துறை மாணவர்கள், ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு டெஸ்டர், கூட ஓர் ஆசிரியர். ஒரே ஒரு தெரு போதும். குற்றம் கண்டுபிடிக்கப் போகவில்லை, உதவிக்குப் போகிறோம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அண்ணாச்சி, உங்க போர்டை ஒருதடவ பாத்துக்கட்டுமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். டீயும் கிடைக்கும்! ஆனால் ஏணியில் ஏறாதீர்கள். தரையில் நின்று பார்ப்பதே பாதி வேலை. துருக்கறை சுவரில் ஒழுகியிருக்கிறதா, பூச்சு வெடித்திருக்கிறதா, காற்றில் பலகை ஆடுகிறதா, வயர் தொங்குகிறதா என்று குறித்துக் கொடுங்கள்.

பயிற்சிக்குச் சில கேள்விகள்:

அ) உங்கள் தெருவில் 8 அடிக்கு 3 அடி பலகை ஒன்றுக்கு மணிக்கு 120 கி.மீ. காற்றில் என்ன விசை?

ஆ) அதே பலகையில் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு மூன்றும் வேண்டும். 5:3:2 விகிதத்தில் உயரத்தைப் பிரித்துக் காட்டுக.

இ) போல்ட் இடைவெளியை 15-லிருந்து 25 சென்டிமீட்டர் ஆக்கினால் பிடுங்கும் விசை எத்தனை விழுக்காடு குறையும்?

ஈ) உங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வரும் வழியில் தெருமுனையை மறைக்கும் பலகைகள் எத்தனை? யாருடைய நிலத்தில் நிற்கின்றன?

முதல் மூன்றுக்கும் விடை நோட்டில் கிடைக்கும். நான்காவதற்கு விடை தெருவில்தான் கிடைக்கும். அந்த விடையை எழுதி மண்டல அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தோழர்களே, நாளை நம்மில் ஒருவர் மாநகராட்சியில் ஜூனியர் இன்ஜினியர் ஆகலாம். இன்னொருவர் சொந்தமாகப் பேப்ரிகேஷன் பட்டறை வைக்கலாம். மற்றொருவர் கடை வைத்துத் தன் பெயரையே பலகையில் எழுதலாம். எந்த இடத்தில் இருந்தாலும், "எங்க போயிடப் போவுது?" என்று யாராவது சொன்னால், 'எங்கே போகும், எவ்வளவு வேகத்தில் போகும், யார் தலையில் போகும்' என்று கணக்கோடு சொல்லுங்கள். இரண்டு போல்ட் கூடப் போடச் சொல்லுங்கள்.

வாழ்த்துகள்!